பாஸ் பண்ணாதவனும் பழைய மாணவனே

கேரளத்தில் குடியிருக்கும் நமக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகிவிட்டது. டிசம்பர் கடைசி வாரமும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் போதும், பள்ளிக்கூட வாசலிலும் கல்லூரிச் சுவரிலும் 'பூர்வ வித்யார்த்தி சங்கமம்' என்று பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு ஏறிவிடும். கீழே ஓர் ஆண்டு எண் இருக்கும். இன்னும் கீழே, தலை நரைத்தும் நரைக்காமலும் பத்துப் பதினைந்து முகங்கள். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே 'முன்னாள் மாணவர் சந்திப்பு' என்கிறார்கள்.

இந்த ஜுரத்தைக் கேரளத்தில் ஏற்றிவிட்டதில் 2006ல் லால் ஜோஸ் இயக்கிய 'கிளாஸ்மேட்ஸ்' படத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் அபிப்ராயம். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் எடுத்த படம். படித்து முடித்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கூடுகிறவர்களின் கதை. தமிழில் அதே வேலையை 2018ல் வந்த '96' செய்தது. தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்தவர்கள் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் சந்திக்கிறார்கள். படம் பார்த்துவிட்டு வந்த பலர் மறுநாளே பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி விலாசம் தேட ஆரம்பித்தார்கள். நல்லதுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கூடும் விதத்தில் சில ஆட்சேபணைகள் உண்டு. அவற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன்னால் வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1977ல் கோவையில் டிப்ளமோ சிவில் சேர்ந்து 1980ல் வெளியே வந்தவன். பின்னர் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்து, தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி இவற்றோடு முப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தி, 2021ல் ஓய்வு பெற்றேன். மட்டாஞ்சேரியில் பேலஸ் ரோடு பக்கம் வீடு. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்.

வெளியூரில் குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு வகுப்புத் தோழன் என்றால் உள்ளூர்க்காரர்களுக்கு இருப்பதைவிட ஒரு படி கூடுதல் மதிப்பு. ஊரில் இருப்பவனுக்குத் தெருவில் இறங்கினால் பழைய முகம் தட்டுப்படும். நமக்கு அப்படியில்லை. தாய் தகப்பன் போனபின் சொந்த ஊர்ப் போக்குவரத்து குறைகிறது. பூர்வீக வீடு கைமாறுகிறது. சித்தப்பா, மாமா எல்லாம் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். நம் பிள்ளைகளோ இங்கே மலையாளப் பிள்ளைகளோடு படித்தவர்கள். அவர்களுடைய சங்கமம் இங்கேதான் நடக்கும், அதில் நமக்கு வேலையில்லை. அலுவலகத்தில் 'சார்', அக்கம்பக்கத்தில் 'அண்ணாச்சி' அல்லது 'சேட்டா', வீட்டில் 'அப்பா'. அறுபது வயதுக்கு மேல் நம்மை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது அந்த நாற்பது பேர்தான்.

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் யூதத் தெரு. 1568ல் கட்டிய ஜெபாலயம் இருக்கிறது. அதன் நானூறாவது ஆண்டு விழாவுக்கு 1968ல் இந்திரா காந்தி அம்மையாரே வந்தார். ஆனால் அந்தத் தெருவில் வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 1950களிலும் அதன் பிறகும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. இன்று அந்தத் தெரு முழுக்கக் கலைப்பொருள் கடைகளும் வாசனைத் திரவியக் கடைகளும்தான். இங்கே பிறந்து, எர்ணாகுளம் செயின்ட் தெரசாஸில் படித்து, 1951ல் இஸ்ரேல் போன ரூபி டேனியல் என்ற அம்மையார், நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து 1995ல் கொச்சி வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார். தூரம் போனவர்களுக்குத்தான் பழைய தெருவும் பழைய வகுப்பும் துல்லியமாக நினைவிருக்கும் போலிருக்கிறது. நாமும் ஒருவகையில் தூரம் போனவர்கள்தானே.

நிற்க. எங்கள் வகுப்பு முதன்முதலில் கூடியது 2005ல், இருபத்தைந்தாவது வருஷம். கோவையில் ஒரு நல்ல ஓட்டல். தலைக்கு இரண்டாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வந்தவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரும் மின்வாரியம், பொதுப்பணித்துறை, ரயில்வே, துபாய், சொந்தக் காண்டிராக்ட் என்று ஏதோ ஒரு நல்ல நிலையில் இருந்தவர்கள். மேடை போட்டு, மைக் வைத்து, ஒவ்வொருவராக எழுந்து பெயர், பதவி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று சொன்னோம். ஒருவர் விசிட்டிங் கார்டு கட்டோடு வந்து எல்லோருக்கும் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் விளக்கினார். மூன்று பேர் மாலையில் வேறு 'விசேஷத்துக்கு' ஓட்டல் அறைக்குள் போனவர்கள் மறுநாள் காலைதான் வெளியே வந்தார்கள். குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தோம். மற்ற இருபத்தெட்டுப் பேர் எங்கே என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை.

அவர்களில் சிலர் காலமாகியிருந்தார்கள். சிலருக்கு விலாசம் கிடைக்கவில்லை. மீதிப்பேர் கடிதம் கிடைத்தும் வராதவர்கள், அல்லது கடிதமே அனுப்பப்படாதவர்கள். ஏன் அனுப்பப்படவில்லை? கல்லூரி ஆபீசில் கேட்டால் பாஸ் பண்ணியவர்கள் பட்டியலைத்தான் தருவார்கள். அரியர் வைத்து நின்றவன், பாதியில் படிப்பை விட்டவன் பெயர் அதில் இருக்காது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரு பேப்பர் போனதால் 'பழைய மாணவன்' ஆக மாட்டானா? இந்தக் கேள்விதான் என் கட்டுரைக்கே காரணம்.

எங்கள் வகுப்பில் சர்வேயில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். தியோடலைட்டை ஸ்டாண்டில் ஏற்றி, மற்றவர்கள் பத்து நிமிஷம் திருகிக்கொண்டிருக்கும்போது, இரண்டே நிமிஷத்தில் குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவான். சர்வே கேம்ப் போனபோது வாத்தியாரே அவனிடம்தான் ரீடிங்கைச் சரிபார்ப்பார். ஆனால் மெக்கானிக்ஸ் பேப்பர் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டு தரம் எழுதினான். இடையில் தகப்பனார் காலமானார். மூன்றாம் தரம் எழுதவில்லை.

2022ல் எங்கள் தோழர் ஒருவர் அந்தப் பக்கத்துக் கல்யாண வீட்டில் அவனுடைய தம்பியைச் சந்தித்து, தொலைபேசி எண் வாங்கி எனக்கு அனுப்பினார். கூப்பிட்டேன். எங்கே இருக்கிறாய் என்றால், "வாத்துருத்தி" என்கிறான்!

கொச்சியில் இருப்பவர்களுக்கு வாத்துருத்தியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வெல்லிங்டன் தீவுக்குப் போகும் வழியில், ஹார்பர் டெர்மினஸுக்குச் செல்லும் ரயில்பாதையை ஒட்டிய குடியிருப்பு. வடநாட்டுத் தொழிலாளிகள் கேரளத்துக்கு வரத் தொடங்குவதற்கு முன்பே, கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஜனங்கள் நெருக்கமாகக் குடியேறிய இடம். எர்ணாகுளத்து அடுக்குமாடிகளில் அவர்கள் கை படாத காங்கிரீட் குறைவு. இவன் 1984ல் கம்பி கட்டும் வேலைக்கு வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, அங்கேயே பெண் பிள்ளைகள் இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த லைன் என் ஸெக்‌ஷனில் இருந்தது. 1987 முதல் சில ஆண்டுகள் வாரம் தவறாமல் டிராலியில் அந்த வழியே போய்வந்திருக்கிறேன். ஹார்பர் டெர்மினஸில் ரயில்கள் வந்துபோய்க் கொண்டிருந்த காலம் அது. (ஐலண்ட் எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பெயர் வந்ததே வெல்லிங்டன் தீவிலிருந்து புறப்பட்டதால்தான். இன்று கன்னியாகுமரியிலிருந்து அதில் பெங்களூர் போகிறவர்களுக்கு எந்தத் தீவு என்று கேட்டால் தெரியாது.)

நேரில் போனேன். வாசலிலேயே "வாங்க சார், உட்காருங்க சார்" என்றான். அந்த 'சார்' போவதற்கு அரைமணி நேரமும் ஒரு டீயும் தேவைப்பட்டன. அப்புறம் சொன்னான்: "உன்னை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்டா. டிராலியில குடை பிடிச்சுக்கிட்டு, சிவப்புக் கொடி கட்டிப் போவே."

"ஏன்டா, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?"

"குரல் கொடுத்தா நீ டிராலியை நிறுத்துவே. பின்னாடி வண்டி வந்துட்டா என்ன பண்றது?" என்று சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. "இவரு அப்படித்தாங்க. உங்களைக் காட்டிக் காட்டி எங்கிட்டே சொல்லுவாரு, 'என்கூடப் படிச்சவன்'னு. கிட்டே மட்டும் போகமாட்டாரு" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு வாடா என்றதற்கு அவன் சொன்ன பதில்தான் முக்கியம். "பாஸ் பண்ணாதவன் எப்படிடா ஓல்ட் ஸ்டூடண்ட்?"

புராணத்தில் இரண்டு வகுப்புத் தோழர் கதைகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த குசேலர் கதை. குருவாயூரில் மார்கழி மாதம், மலையாளக் கணக்கில் தனு மாதம், முதல் புதன்கிழமையைக் குசேல தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அவல் படைக்க வரும் கூட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். மற்றது துரோணர், துருபதன் கதை. ஒன்றாகப் படித்தவர்கள். வறுமையில் போய் நின்ற துரோணரிடம், சமமானவர்களுக்குள்தான் நட்பு என்று அரசனான துருபதன் சொல்லிவிட்டான். அந்த ஒரு பேச்சு பாதி ராஜ்ஜியத்தைப் பறித்து, குருக்ஷேத்திரம்வரை கொண்டுபோய் விட்டது. குசேலர் கதையைப் பொதுவாகக் கண்ணனின் கொடைக்காகச் சொல்வார்கள். என் கண்ணில் படுவது வேறு. அவல் மூட்டையோடு வந்த தோழனைக் கட்டிலில் உட்காரவைத்துக் கண்ணன் பேசிய பேச்சில், குருகுலத்தில் விறகு பொறுக்கப் போய் மழையிலும் காற்றிலும் மாட்டிக்கொண்ட ராத்திரி வருகிறது. அதைத்தான் பாகவதம் விஸ்தாரமாகச் சொல்கிறது. குசேலர் வாய் திறந்து எதையும் கேட்கவும் இல்லை.

நம் கூட்டங்களில் முதல் கேள்வியே "இப்ப என்ன பண்றே?" என்பதுதான். அடுத்தது "பசங்க எங்கே?" இந்த இரண்டு கேள்விக்கும் பெருமையாகப் பதில் சொல்ல முடியாதவன் அடுத்த வருஷம் வரமாட்டான். ஏதோ ஒரு காரணம் சொல்லிவிடுவான். முட்டிவலி என்பான், பேத்திக்குக் காது குத்து என்பான்.

2023ல் நாங்கள் மறுபடி கூட ஏற்பாடானபோது பெரும்பாலோர் மலை மேல் ஒரு ரிசார்ட் பார்த்து வைத்திருந்தார்கள், தலைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. நான் எதிர்த்தேன். கொஞ்சம் கடுமையாகவே எதிர்த்தேன். "வசதியில்லாதவனுக்கு நாம போட்டுக் கொடுத்துடலாமே" என்றார் ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கு யார் போட்டார் என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் அவன் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவான்? கடைசியில் கொச்சியிலேயே சாதாரண மண்டபம், வாழையிலைச் சாப்பாடு, தலைக்கு முந்நூறு என்று முடிவானது. அதிகம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மூடிய உண்டியல் ஒன்று வைத்தோம். பெயர் எழுத வேண்டியதில்லை. மேடை கிடையாது, மைக் கிடையாது. எழுந்து நின்று சொல்லவேண்டியது பெயரும் ரோல் நம்பரும் மட்டும்.

இருபத்தொரு பேர் வந்தார்கள். வாத்துருத்தித் தோழனை நானும் இன்னொருவரும் போய் அழைத்துவந்தோம். முதல் ஒரு மணி நேரம் தூண் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தான். சர்வே கேம்ப் பேச்சு வந்ததும், யார் செயினை ஆற்றில் போட்டார்கள் என்ற பழைய வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. அதற்கு நேரில் கண்ட சாட்சி அவன் ஒருவன்தான். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிவரை அவனைச் சுற்றித்தான் கூட்டம். எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். சாப்பாடு சுமார், ஃபேன் ஓடவில்லை, ரிசார்ட்காரர்களில் சிலர் வரவே இல்லை. ஒருவர் வந்தும் மதியமே கிளம்பிவிட்டார்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் பழைய மாணவர்கள் ஊர்வலம் நடக்கிறது. அதில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி ஒன்றை ஒருவருக்குக் கொடுத்துக் கௌரவிக்கிறார்கள். யாருக்கு? வந்தவர்களிலேயே மிகப் பழைய வகுப்பைச் சேர்ந்த மூத்தவருக்கு. மந்திரியாக இருந்தாரா, மில்லியனரா என்பது கணக்கில்லை. பணக்கார நாட்டுப் பணக்காரக் கல்லூரியே இப்படி ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது. நம் ஊரிலும் பெரிய ஆட்களுக்கு இடையில் வகுப்புத் தோழமை நீடித்ததற்கு உதாரணம் உண்டு. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் திருச்சி செயின்ட் ஜோசப்ஸிலும், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தவர்கள். ஒருவர் ராக்கெட் பக்கமும், மற்றவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பக்கமும் போனார்கள். ஆனால் அவர்கள் இருவரும் மேலே போனவர்கள். அவர்கள் சந்திப்பது சுலபம். ஒருவன் மேலேயும் ஒருவன் கீழேயும் இருக்கும்போதுதான் சோதனை.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். என் மனைவி பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரியில் படித்தவள். அவளுடைய வகுப்பில் பாதிப் பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. காரணம் நம் இனிஷியல் வழக்கம். கல்லூரிப் பதிவேட்டில் தகப்பனார் இனிஷியல், இப்போது கணவர் இனிஷியல். ஊரும் மாறி, இனிஷியலும் மாறினால் எங்கே தேடுவது? கண்டுபிடித்தாலும், '96' பார்த்துவிட்டு வந்த சில கணவன்மார்களுக்கு இந்தச் சந்திப்பு என்றாலே ஒரு சந்தேகம். "இந்த வயசுல என்ன கிளாஸ்மேட் வேண்டிக்கிடக்கு?" என்று ஒருவர், பெண்கள் கல்லூரிச் சந்திப்புக்கே தடை போட்டாராம். தாங்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் கூடலாம், மனைவி ஒரு தரம் கூடக்கூடாது என்பது என்ன நியாயம்? சங்கத்தில் இப்படிப்பட்டவர்கள் இருந்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

கூடுவதால் காரியமும் ஆகும். எங்கள் தோழர் ஒருவர் 2019ல் இறந்தபோது, அவர் வேலைபார்த்த அலுவலகத்து ஆவணத்தில் மனைவியின் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த ஒரு எழுத்துக்காகக் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் நின்றது. அந்த அம்மாளுக்கு எந்த மேஜைக்குப் போவதென்றே தெரியவில்லை. ஓய்வுபெற்ற மூன்று பேர், ஃபைல் நகரும் வழி தெரிந்தவர்கள், முறை வைத்துப் போய் நின்று முடித்துக்கொடுத்தார்கள். ஐ.ஐ.டி.யில் இருபத்தைந்தாவது ஆண்டு கூடுகிறவர்கள் கல்லூரிக்குப் பெரிய நிதி திரட்டிக் கொடுக்கிறார்கள். டிப்ளமோக்காரர்களான எங்களால் அது ஆகாது. ஆபீஸ் வாசலில் போய் நிற்க முடியும்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நாங்கள் 2023ல் கூடியபோது முதல் வேலையாகப் பதினோரு பெயர்களைப் படித்து எழுந்து நின்றோம். அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் 2005ல் உயிரோடு இருந்தவர்கள். அந்த ஆறில் ஒருவர்தான் கோவைக்கு வந்தார்.

நம் சங்க இதழுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். கல்யாண வரன் பகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். இதழுக்கு அரைப்பக்கம் வகுப்புத் தோழர்களைத் தேடுவதற்கும் ஒதுக்கலாம். ஊர், பள்ளி அல்லது கல்லூரி, சேர்ந்த ஆண்டு, பிரிவு, இவை போதும். பெண்கள் திருமணத்துக்கு முந்தைய இனிஷியலையும் கட்டாயம் எழுத வேண்டும். பாஸ் பண்ணிய ஆண்டு என்று கேட்கக்கூடாது, சேர்ந்த ஆண்டு என்றுதான் கேட்கவேண்டும். வாத்துருத்தி போன்ற இடங்களுக்கும் நம் இதழ் இருபது முப்பது பிரதி போய்ச் சேர வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை நானும் என் தோழனும் ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் வகுப்பில் இன்னும் ஏழு பேர் இருக்குமிடம் தெரியவில்லை. அந்த ஏழு பெயர்களை இந்தக் கட்டுரையோடு சேர்த்து ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் அரைப்பக்கத்தை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.